கராச்சி ஓட்டல் பூனை

ராத்திரி பத்தரை மணிக்கு கள்ளக்குறிச்சியிலிருந்து அக்கா மகள் போன் செய்தாள்.

"மாமா, தூங்கிட்டீங்களா? நம்ம வீட்டுப் பூனைக்கு ஒரே தெள்ளு மாமா. ராப்பகலா சொறிஞ்சுக்கிட்டே கிடக்கு. புள்ளைங்க கால்லயும் கடி. கடையில ஒரு சொட்டு மருந்து கொடுத்தாங்க. பிடரியில ஊத்தணுமாம். ஊத்திடட்டுமா?"

"அட்டையில என்ன படம் போட்டிருக்கு?"

"நாய்ப் படம். 'நாய்க்கும் பூனைக்கும் ஒரே தெள்ளுதாம்மா, கொஞ்சமா ஊத்துங்க'ன்னு கடைக்காரர் சொன்னார்."

"கீழே பொடி எழுத்துல மருந்துப் பேர் இருக்கும். எழுத்துக் கூட்டிப் படி."

"ஃபிப்... ஃபிப்ரோனில். அப்புறம்... பெர்... மெத்... ரின்."

"மூடி வை. திறக்கவே திறக்காதே. காலையில பூனையைத் தூக்கிட்டு மாட்டாஸ்பத்திரிக்குப் போ!"

அந்தக் குப்பியைத் திறந்து ஊற்றியிருந்தால் விடிவதற்குள் பூனைக்கு வலிப்பு வந்திருக்கும். மதியத்துக்குள் செத்தும் போயிருக்கலாம். அவள் பயந்து விடுவாளே என்று போனில் இதைச் சொல்லவில்லை. உங்களிடம் சொல்லலாம்.

அந்தப் பூனைக்கு ஒரு பூர்வீகம் உண்டு. கல்வராயன் மலையிலிருந்து மரவள்ளிக் கிழங்கு ஏற்றி வந்த லாரியில் குட்டியாக ஒளிந்து வந்து, அக்கா மகளின் வீட்டுக்காரர் வைத்திருக்கும் அரிசி மண்டியில் குதித்து இறங்கியது. மண்டியில் எலி அதிகம். 'இருந்துட்டுப் போகட்டும்' என்று விட்டார்கள். ஆக, அது சம்பளம் வாங்காத ஊழியர்! தானியம், எலி, எலியைப் பிடிக்கப் பூனை, பூனை மேல் தெள்ளு... இந்த நாலும் சேர்ந்து வாழ ஆரம்பித்துப் பல ஆயிரம் வருஷமாகிறது. நடுவில் ஒரு தடவை, இந்த நாலில் யார் குற்றவாளி என்று கண்டுபிடிக்க முடியாமல் உலகமே திண்டாடியது. அந்தக் கதையில் ஒரு பூனையும் வருகிறது. பெயர் தெரியாத பூனை. ஊர், கராச்சி. வருஷம், 1898.

அதற்கு முன்னால் ஒரு விஷயத்தைத் தெளிவு பண்ணிக்கொள்வோம். உண்ணி வேறு, பேன் வேறு, தெள்ளு வேறு. உண்ணி எட்டுக் கால் பிராணி. தோலில் பல்லைப் பதித்து, குடித்துக் குடித்து ஆமணக்கு விதை மாதிரி ஊதிப்போகும். பேன் நகரும், குதிக்காது. தெள்ளு என்கிற தெள்ளுப்பூச்சி பக்கவாட்டில் நசுக்கிய எள் மாதிரி இருக்கும். இறக்கை கிடையாது. பதிலுக்குப் பின்னங்கால்களில் ஸ்பிரிங் வைத்தது போலத் தாவும். நம் ஊரில் மூன்றையும் 'பூச்சி பிடிச்சிருக்கு' என்று ஒரே வார்த்தையில் முடித்துவிடுகிறோம். பாமரர்கள் என்றில்லை, ஒரு காலத்தில் மகா விஞ்ஞானிகளும் அப்படித்தான் முடித்தார்கள். அதில் போன உயிர்கள் கொஞ்சநஞ்சமல்ல.

1896 செப்டம்பரில் பம்பாயின் மாண்ட்வி பகுதியில் பிளேக் தலைகாட்டியது. தானியக் கிடங்குகள் நிறைந்த துறைமுகப் பகுதி அது. அடுத்த கால் நூற்றாண்டில் இந்தியாவில் அந்த நோய்க்குப் பலியானவர்கள் ஒரு கோடிக்கும் மேல். கிருமியை 1894-லேயே ஹாங்காங்கில் அலெக்ஸாண்டர் யெர்ஸின் கண்டுபிடித்துவிட்டார். அது எப்படி மனிதனுக்கு வருகிறது என்பதுதான் புரியவில்லை. காற்றிலா, மண்ணிலா, வெறுங்காலில் நடப்பதாலா? தெரியாததால் பிரிட்டிஷ் அரசு எல்லாவற்றின் மீதும் பாய்ந்தது. வீட்டுக் கூரை ஓடுகளைப் பிரித்தார்கள். சுவருக்குச் சுண்ணாம்பு அடித்தார்கள். துணிமணிகளைக் கொளுத்தினார்கள். ரயில் நிலையங்களில் பெண்களை நிறுத்தி அக்குளில் கட்டி இருக்கிறதா என்று பார்த்தார்கள். ஜனங்கள் கொதித்துப் போனார்கள். 1897 ஜூனில் புனே பிளேக் அதிகாரி ராண்டை சாபேகர் சகோதரர்கள் சுட்டுக் கொன்றதற்குப் பின்னணி இந்த அத்துமீறல்கள்தான். அந்த வருஷம் அவசர அவசரமாகக் கொண்டுவந்த தொற்றுநோய்ச் சட்டத்தைத்தான் 2020-ல் கொரோனா வந்தபோதும் தூசி தட்டி எடுத்தோம்!

இந்தக் களேபரத்தின் நடுவே பாரிஸ் பாஸ்டர் நிறுவனம் பால்-லூயி சிமோன் என்ற டாக்டரை இந்தியாவுக்கு அனுப்பியது. அமைதியான மனிதர். ஆனால் கண் கூர்மை. சில நோயாளிகளின் காலில் ஒரு சின்னக் கொப்புளம் இருப்பதைக் கவனித்தார். அந்தக் கொப்புளத்திலும் பிளேக் கிருமி. பூச்சிக்கடி மாதிரி இருக்கிறதே? எலி செத்தால் அதன் மேல் இருக்கும் தெள்ளுகள் என்ன செய்யும்? உடம்பு சில்லிட்டதும் இறங்கி, அடுத்த சூடான உடம்பைத் தேடும். அந்த அடுத்த உடம்பு நாமாக இருந்தால்?

கராச்சியில் ஒரு ஓட்டலில் தங்கியிருந்தபோது சோதித்துப் பார்த்தார். ஒரு பெரிய கண்ணாடி ஜாடி. அடியில் மணல். பிளேக் வந்த வீட்டில் பிடித்த, நோய் கண்ட எலியை அதற்குள் விட்டார். அதன் மேல் சில தெள்ளுகள் இருந்தன. ஆனால் போதாது. இன்னும் கொஞ்சம் வேண்டுமே... எங்கே போவது? ஓட்டலைச் சுற்றித் திரிந்த ஒரு பூனை கண்ணில் பட்டது. அதைப் பிடித்து, அதன் மேலிருந்த தெள்ளுகளை எடுத்து ஜாடிக்குள் போட்டார். பூனை தாராள மனசோடு கடன் கொடுத்தது என்கிற மாதிரி பிறகு வேடிக்கையாகக் குறிப்பிட்டிருக்கிறார்.

நோய் எலி சாகக் கிடக்கும் நேரத்தில், ஆரோக்கியமான ஒரு எலியைச் சின்னக் கம்பிக் கூண்டில் அடைத்து ஜாடிக்குள்ளேயே மணலுக்குச் சற்று மேலே தொங்கவிட்டார். இரண்டும் ஒன்றையொன்று தொட முடியாது. கம்பி இடுக்கு வழியாகத் தெள்ளு மட்டும் தாவலாம். மறுநாள் காலை முதல் எலி செத்தது. ஐந்தாம் நாள் கூண்டு எலி தள்ளாட ஆரம்பித்தது. ஆறாம் நாள் மாலை அதுவும் போய்ச் சேர்ந்தது. அறுத்துப் பார்த்தால் உள்ளே பிளேக் கிருமி நிறைந்து கிடந்தது! 1898 ஜூன் 2. தெள்ளு இல்லாத நோய் எலியை நல்ல எலிகளோடு விட்டும் பார்த்தார். ஒன்றுக்கும் ஒன்றும் ஆகவில்லை.

உலகம் அவரைத் தோளில் தூக்கி வைத்துக் கொண்டாடியிருக்க வேண்டும் அல்லவா? அதுதான் இல்லை. 'தெள்ளாவது, பிளேக்காவது' என்று கிண்டல் செய்தார்கள். வேறு சிலர் தெள்ளுகளை வைத்துச் சோதித்தார்கள், சரியாக வரவில்லை. சிமோன் சொன்னதை எல்லோரும் ஒப்புக்கொள்ள ஏழெட்டு ஆண்டுகள் ஆயின. பம்பாயில் க்ளென் லிஸ்டன் என்ற ராணுவ டாக்டரும், அவரைத் தொடர்ந்து பிளேக் கமிஷனும் கினிப் பன்றிகளை வைத்து மறுபடி மறுபடி நிரூபித்த பிறகுதான் வழிக்கு வந்தார்கள். அதற்குள் எத்தனை லட்சம் உயிர்கள்!

சோதனைகள் ஏன் ஒழுங்காக வரவில்லை? தெள்ளு என்றால் ஏதோ ஒரே ஒரு பிராணி என்று நினைத்தார்கள். தெள்ளில் இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட இனங்கள் உண்டு. அந்த ஓட்டல் பூனை கொடுத்தது பெரும்பாலும் பூனைத் தெள்ளாகத்தான் இருக்கும். அது பிளேக்கைக் கடத்துவதில் மகா சோம்பேறி. ஜாடியில் வேலையை முடித்தது எலியோடு வந்த தெள்ளாக இருக்க வேண்டும். அதாவது, பூனை கொடுத்தது கும்பலுக்கு ஆள். கொலை செய்தது எலி கொண்டுவந்த ஆள்! லென்ஸ் வைத்துப் பார்த்தால் வித்தியாசம் தெரியும். பூனைத் தெள்ளுக்குக் கன்னத்தில் சீப்பு மாதிரி முள்வரிசை. பிளேக்குக்குப் பெயர் போன எலித் தெள்ளுக்கு அது கிடையாது, மொழுமொழுவென்றிருக்கும்.

அந்த எலித் தெள்ளுக்குப் பெயர் வைத்தவர் யார் தெரியுமா? ரோத்ஸ்சைல்ட்! ஆமாம், அந்தப் பிரபல பாங்கர் குடும்பம்தான். சார்லஸ் ரோத்ஸ்சைல்டுக்குப் பகலில் பாங்க், மிச்ச நேரமெல்லாம் தெள்ளு. உலகம் பூராவிலிருந்தும் தெள்ளுகளை வரவழைத்துச் சேகரித்த மனிதர். 1903-ல், சூடானில் கிடைத்த ஒரு தெள்ளுக்கு, பெரிய பிரமிடைக் கட்டிய பாரோ மன்னன் கியோப்ஸின் பெயரைச் சூட்டினார்: 'ஸெனாப்ஸில்லா கியோபிஸ்'. 1911-ல் அதைப் போலவே இருக்கும் இன்னொன்றைப் பிரித்துக் காட்டி 'ஸெனாப்ஸில்லா அஸ்டியா' என்றார். பெண் தெள்ளின் வயிற்றுக்குள் இருக்கும் ஒரு துக்குணூண்டு பையின் வடிவத்தையெல்லாம் மைக்ராஸ்கோப்பில் பார்த்துத்தான் இரண்டையும் பிரிக்க முடியும். 'வேலை இல்லாத பணக்காரனுக்கு வந்த பொழுதுபோக்கு' என்று யாரும் சிரிக்கத்தான் செய்வார்கள். ஆனால் நம் சென்னையின் கதை அந்தத் துக்குணூண்டு பைக்குள்தான் இருந்தது.

பம்பாய் செத்துக்கொண்டிருந்தது. பெங்களூரில் 1898-ல் பிளேக் புகுந்து ஊரையே காலி பண்ணியது. சேலமும் கோவையும் அடிபட்டன. கோவையில் இன்றும் பிளேக் மாரியம்மன் கோயில்கள் இருக்கின்றன; போனால் ஒரு நிமிஷம் நின்று கும்பிட்டுவிட்டு வாருங்கள், அது சரித்திர ஆவணம். ஆனால் சென்னை மாநகரத்தில் மட்டும் பிளேக் பெரிய கொள்ளைநோயாக வேரூன்றவே இல்லை. துறைமுகம் இருந்தது, எலி இருந்தது, நெரிசல் இருந்தது, வெளியூரிலிருந்து நோயாளிகளும் வந்தார்கள். ஆனாலும் பரவவில்லை. அப்போது ரயிலில் வருகிறவர்களுக்கு 'பிளேக் பாஸ்போர்ட்' என்று ஒரு சீட்டு கொடுப்பார்கள். அதை வைத்துக்கொண்டு சில நாட்களுக்குத் தினமும் அதிகாரி முன்னால் ஆஜராக வேண்டும். 'பார்த்தீர்களா, எங்கள் பாஸ்போர்ட்டின் மகிமை' என்று அதிகாரிகள் மார்தட்டிக்கொள்ள வசதியாக இருந்தது.

விடையின் நுனி கிடைத்தது கொழும்பில். அந்த நகர சபையில் கிருமி ஆராய்ச்சியாளராக இருந்த ஃபேபியன் ஹிர்ஸ்ட், உள்ளூர் எலிகளின் தெள்ளுகளைப் பொறுமையாக மைக்ராஸ்கோப்பில் ஒவ்வொன்றாகப் பார்த்தார். எல்லோரும் கியோபிஸ் என்று நினைத்துக்கொண்டிருந்தவற்றில் பெரும்பாலானவை அஸ்டியா! சென்னையிலும் அதே கதைதான் என்று தெரியவந்தது. கொழும்புக்கு 1914-ல் பிளேக் வந்தது. ஆனால் பம்பாய் மாதிரி ஊரை விழுங்கவில்லை. ஹிர்ஸ்ட் இரண்டையும் முடிச்சுப் போட்டார். கியோபிஸ் இருக்கும் ஊரில் பிளேக் தாண்டவமாடும். அஸ்டியா மட்டும் இருக்கும் ஊரில் முனகிவிட்டுப் போய்விடும்.

ஏன் அப்படி? அதே 1914-ல் லண்டனில் பேகாட், மார்ட்டின் என்ற இருவர் தெள்ளின் வயிற்றையே ஆராய்ந்து சொன்னார்கள். பிளேக் கிருமி உள்ளே பெருகி, இரைப்பைக்கு முன்னால் அடைப்பு மாதிரி கட்டிக்கொள்ளும். தெள்ளுக்குப் பசி. ரத்தம் குடிக்கும், உள்ளே இறங்காது. கடித்த இடத்திலேயே கக்கும். மறுபடி பசி, மறுபடி கடி, மறுபடி கக்கல். கியோபிஸுக்கு இந்த அடைப்பு சுலபமாக வரும். அஸ்டியாவுக்கு அவ்வளவு வராது. பூனைத் தெள்ளுக்கு இன்னும் அபூர்வம்.

கிண்டி கிங் இன்ஸ்டிடியூட்காரர்கள் சென்னை மாகாணம் முழுவதும் எலித் தெள்ளு சர்வே எடுத்தார்கள். ஹெச்.ஹெச். கிங்கும் சி.ஜி. பண்டிட்டும் 1931-ல் அதன் சுருக்கத்தை வெளியிட்டார்கள். இந்தப் பண்டிட்தான் பின்னால் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சிலின் முதல் டைரக்டர் ஆனவர். வெக்கையான கடலோரச் சமவெளியில் அஸ்டியா ராஜ்யம், உள்ளே மேட்டுநிலத்தில் கியோபிஸ் ராஜ்யம் என்பது பொதுவான படம். மேப்பை எடுத்துக் கல்வராயன் மலையைப் பாருங்கள். மேற்கே சேலம் சீமை. கிழக்கே கள்ளக்குறிச்சி, அப்படியே இறங்கினால் பழைய தென்னாற்காடு சமவெளி, அப்புறம் கடல். நம் பூனை ஒளிந்து வந்த லாரி, அந்தக் காலத்துப் பிளேக் டாக்டர்கள் மண்டையை உடைத்துக்கொண்ட ஒரு எல்லை ஓரமாகத்தான் இறங்கி வந்தது!

முழுப் பெருமையையும் அஸ்டியாவுக்கே கொடுத்துவிட முடியாது என்பதையும் சொல்ல வேண்டும். வெயிலுக்கும் பங்கு உண்டு. சூடு அதிகமானால் கியோபிஸுக்கே அந்த அடைப்பு சரியாக நிற்காது. சென்னையின் கத்திரி வெயிலைத் திட்டுகிறவர்கள் இதையும் கொஞ்சம் நினைத்துக்கொள்ளலாம்.

சரி, பூனை எங்கே போயிற்று? இதோ வருகிறது.

எலியால்தான் பிளேக் என்று தெரிந்ததும், 'அப்படியானால் பூனை வளர்த்தால் போச்சு' என்று ஒருவருக்குத் தோன்றியது. அவர் விதர்பா பகுதியில் சிவில் சர்ஜனாக இருந்த ஆண்ட்ரூ புக்கானன். ஊர் ஊராகப் போய் வீட்டுக்கு எத்தனை பூனை என்று கணக்கெடுத்தார். பூனை நிறைய இருந்த கிராமங்களில் பிளேக் இல்லை என்று 1908-ல் பிரிட்டிஷ் மருத்துவப் பத்திரிகையில் எழுதினார். அதே வருஷம் ஜப்பானுக்குப் போன ராபர்ட் கோக்கும் (காசநோய்க் கிருமியைக் கண்டுபிடித்தவர்) பூனை வளர்க்கச் சொன்னார். ஜப்பானில் பூனைகளுக்குத் திடீர் கிராக்கி! இந்த யோசனையில் ஒரு ஓட்டை இருந்தது. பூனைக்கே பிளேக் வரும். அதுவும் மோசமாக வரும். அமெரிக்காவின் மேற்கு மாநிலங்களில் 1977 முதல் 1998 வரை 23 பேருக்குப் பூனைகள் மூலம் பிளேக் தொற்றியிருக்கிறது. ஐந்து பேர் இறந்தார்கள். அங்கே காட்டு அணில் வகைகளிடம் நோய் இன்னும் இருப்பதால் வந்த வினை அது. கள்ளக்குறிச்சியில் உங்கள் பூனை சொறிந்தால் பிளேக் என்று பதற வேண்டாம்.

பிளேக் இந்தியாவில் ஓய்ந்ததில் டி.டி.டி-க்குப் பெரிய பங்கு. 1953-ல் மலேரியாவுக்காக வீடு வீடாக அடித்தார்கள். கொசுவோடு எலித் தெள்ளும் போயிற்று. ஒரே கல்லில் இரண்டு மாங்காய். ஆனால் மூன்றாவதாக இன்னொன்றும் சில நாடுகளில் விழுந்தது. பூனை! மருந்து அடித்த சுவரில் உரசிவிட்டு, உட்கார்ந்து உடம்பை நக்கும் அல்லவா? போர்னியோ தீவின் சரவாக் பகுதியில் பூனைகள் செத்து, எலி பெருகி, கடைசியில் 1960 மார்ச்சில் பரியோ என்ற மலைக் கிராமத்துக்கு பிரிட்டிஷ் விமானப்படை பாராசூட்டில் பூனைகளை இறக்கியது. பதினாலாயிரம் பூனைகள் என்று கதை கட்டுவார்கள், நம்பாதீர்கள். விமானப்படைக் குறிப்புகளின்படி இருபது சொச்சம்தான். அதுவே போதாதா? கூடைக்குள் உட்கார்ந்து வானத்திலிருந்து இறங்கிய அந்தப் பூனைகளின் முகத்தைக் கற்பனை செய்து பாருங்கள்!

பூனையின் பெரிய பலவீனம் அந்த நாக்குதான். உடம்பில் எது பட்டாலும் அது வயிற்றுக்குள் போகும். அதைவிடப் பெரிய பலவீனம் உள்ளே இருக்கிறது. கல்லீரல்.

நம் உடம்பில் விஷம் சேர்ந்தால், கல்லீரல் அதோடு ஒரு சர்க்கரைப் பொருளை ஒட்டவைத்துச் சிறுநீரில் தள்ளிவிடும். நாய்க்கும் இந்த வசதி உண்டு. பூனைக்கு இந்த வேலையைச் செய்யும் என்சைம்களில் முக்கியமான ஒன்று இல்லை. அதற்கான ஜீன் எப்போதோ உடைந்து உபயோகமில்லாமல் கிடக்கிறது. சிங்கத்துக்கும் சிறுத்தைக்கும் இதே கதிதான். இலை தழை தின்கிற பிராணிக்குத் தாவர விஷத்தை முறிக்கும் அவசியம் உண்டு. பச்சை மாமிசம் மட்டும் தின்று வந்த வம்சத்துக்கு அது தேவைப்படவில்லை, தொலைத்துவிட்டது என்கிறார்கள். நீங்கள் தலைவலிக்குப் போட்டுக்கொள்ளும் பாரசிட்டமால் மாத்திரை ஒன்றே ஒன்று போதும், ஒரு பூனையின் கதையை முடிக்க.

இப்போது பெர்மெத்ரினுக்கு வருவோம். சாமந்திக்குச் சொந்தக்காரப் பூ ஒன்று, பைரீத்ரம். காய்ந்த பூவைப் பொடி செய்தால் பூச்சி சாகும். ஜப்பானில் இதிலிருந்துதான் கொசுவத்திச் சுருளே பிறந்தது. பூவின் சத்து வெயில் பட்டால் சீக்கிரம் வீரியம் இழந்துவிடும். இங்கிலாந்தில் மைக்கேல் எலியட் என்ற வேதியியலாளரின் குழு, 1973-ல் வெயிலையும் தாங்குகிற செயற்கை வடிவத்தைக் கண்டுபிடித்தது. அதுதான் பெர்மெத்ரின். வயலுக்கு அற்புதம், கொசுவலைக்கு அற்புதம், நாய்க்கும் பரவாயில்லை. பூனைக்கு எமன்! உடம்பால் முறிக்க முடியாமல் அது நரம்பில் போய் உட்காரும். முதலில் காது துடிக்கும், முகம் வெட்டி இழுக்கும், எச்சில் ஒழுகும், நடுக்கம், வலிப்பு. நாய் மருந்தில் 'கொஞ்சமா' என்கிற பேச்சுக்கே இடமில்லை. நாய் மருந்து போட்ட நாயோடு ஒட்டிப் படுத்தால்கூடச் சில பூனைகளுக்கு வந்துவிடும்.

தெள்ளு விஷயத்தில் அந்தக் கடைக்காரர் சொன்னது வாஸ்தவம்தான். பூனைத் தெள்ளு என்று பெயர் வாங்கிய அதே இனம்தான் நாய் மேலும் பெரும்பாலும் குடியிருக்கிறது. அவர் பிசகியது பூனை விஷயத்தில். சின்ன சைஸ் நாய் என்று நினைத்துவிட்டார்.

தெரியாமல் ஊற்றிவிட்டவர்கள் உடனே வெதுவெதுப்பான தண்ணீரும் பாத்திரம் கழுவும் சோப்பும் போட்டுக் கழுவிவிட்டு (சுடுதண்ணீர் வேண்டாம்), துணியில் சுற்றிக்கொண்டு டாக்டரிடம் ஓட வேண்டும். மருந்து அட்டையையும் கையோடு எடுத்துக்கொண்டு போங்கள். நேரத்தோடு போனால் பிழைக்க வைக்க முடியும். வீட்டு வைத்தியமும் இதே ரகம்தான். மண்ணெண்ணெய், பினாயில், கற்பூரம், வேப்பெண்ணெய் எதையும் பூனை மேல் பூசாதீர்கள், நக்கும். சோற்றில் பூண்டைப் பிசைந்து வைத்தால் தெள்ளு போகும் என்று ஒரு பாட்டி வைத்தியம் உலவுகிறது. தெள்ளு போகாது, பூண்டும் வெங்காயமும் பூனையின் ரத்த அணுக்களைத்தான் உடைக்கும்.

மறுநாள் மாட்டாஸ்பத்திரியில் பூனையை எடை போட்டுப் பார்த்து, பூனைக்கென்றே இருக்கும் சொட்டு மருந்தை எழுதிக் கொடுத்தார்கள். ஃபிப்ரோனில் மட்டும் உள்ளது, செலாமெக்டின், இமிடாகுளோப்ரிட் என்று சில இருக்கின்றன. எது, எவ்வளவு என்பதை எடையும் வயசும்தான் முடிவு செய்யும். ரொம்பச் சின்னக் குட்டிக்கு மருந்தே கூடாது. பேன் சீப்பால் வாரி, விழுகிற தெள்ளைச் சோப்புத் தண்ணீரில் முக்க வேண்டியதுதான். அலட்சியமாக விடக்கூடாது. நூறு தெள்ளு சேர்ந்து உறிஞ்சினால் உள்ளங்கை சைஸ் குட்டிக்கு ரத்தம் எங்கே மிஞ்சும்?

மூன்று நாள் கழித்து மறுபடி போன். "மாமா, மருந்து போட்டும் புள்ளைங்களைக் கடிக்குதே?"

கடிக்கத்தான் செய்யும். பூனை மேல் நாம் பார்க்கும் தெள்ளு, மொத்த ஜனத்தொகையில் இருபதில் ஒரு பங்குதான். மிச்சமெல்லாம் வீட்டுக்குள் முட்டையாக, புழுவாக, கூட்டுக்குள் அடைந்ததாகக் கிடக்கிறது. ஒரு பெண் தெள்ளு நாளைக்கு நாற்பது முட்டைகூட இடும். முட்டை வழுவழுப்பானது, பூனை நடக்கிற இடமெல்லாம் உதிரும். வெளியே வருகிற புழு, பெரிய தெள்ளு போட்ட கழிவைத் தின்று வளரும். காய்ந்த ரத்தம்தான் அந்தக் கழிவு. பூனை மேல் கறுப்புப் பொடி மாதிரி ஏதாவது இருந்தால் ஈரக் காகிதத்தில் தட்டிப் பாருங்கள், சிவப்பாகப் பரவினால் சந்தேகமே வேண்டாம். அப்புறம் புழு கூடு கட்டிக்கொள்ளும். எந்த மருந்தும் கூட்டுக்குள் அவ்வளவாகப் போகாது. பல மாதம் உள்ளேயே காத்திருந்து, காலடி அதிர்வோ உடம்புச் சூடோ பட்டதும் 'ஆள் வந்தாச்சு' என்று குபீரென்று வெளியே வரும். கோடை லீவு முடிந்து பூட்டிய வீட்டைத் திறந்ததும் காலில் சுருக் சுருக்கென்று கடிப்பது இதனால்தான்!

எனவே பூனை படுக்கும் சாக்கைக் கொதிக்கும் தண்ணீரில் துவைத்து வெயிலில் போடச் சொன்னேன். மூட்டைகளை நகர்த்தி அடியிலும் மூலை இடுக்கிலும் தினமும் பெருக்கி, குப்பையை அப்படியே வெளியே கொண்டுபோய்க் கொளுத்தச் சொன்னேன். சொட்டு மருந்தை டாக்டர் சொன்ன இடைவெளியில் மூன்று மாதமாவது நிறுத்தாமல் போடச் சொன்னேன். மண்டியில் மூட்டையை நகர்த்துவது என்றால் சும்மாவா? வீட்டுக்காரர் முணுமுணுத்தார் என்று கேள்வி.

பத்து நாள் போயிற்று. மூன்றாவது போன்.

"மாமா... சொல்லவே கூச்சமா இருக்கு. பூனையோட வாலுக்கு அடியில அரிசி மாதிரி ஒண்ணு ஒட்டியிருக்கு. மண்டி அரிசின்னு நினைச்சுத் தட்டி விட்டேன். அது நகருது மாமா!"

இதுவும் தெள்ளின் கைங்கரியம்தான். அது நாடாப்புழுவின் துண்டு. ஈரமாக இருக்கும்போது வெள்ளரி விதை மாதிரி, காய்ந்தால் அரிசி மாதிரி. ஒவ்வொன்றும் ஒரு முட்டைப் பொட்டலம். தரையில் கிடக்கும் அந்த முட்டையைத் தெள்ளின் புழு தின்னும். அது பெரிய தெள்ளாகி பூனை மேல் ஏறும். பூனை நமைச்சலில் கடித்து, நக்கி, தெள்ளை விழுங்கும். வயிற்றுக்குள் நாடாப்புழு வளரும். இதற்கு விஞ்ஞானப் பெயர் 'டிபிலிடியம் கனைனம்'. கனைனம் என்றால் நாயைச் சேர்ந்தது! தெள்ளுக்குப் பூனைப் பெயர், நாய் மேலும் வாசம். புழுவுக்கு நாய்ப் பெயர், பூனை வயிற்றிலும் வாசம். தவழ்கிற குழந்தை தவறித் தெள்ளை விழுங்கினால் அதற்கும் வரும். பெரிய ஆபத்தில்லை, மாத்திரையில் போய்விடும்.

"வீட்டுல பூச்சி மாத்திரை இருக்கு. புள்ளைங்களுக்கு வாங்கினது. அதுல பாதி..."

"அம்மா தாயே!"

இங்கேயும் அதே கதைதான். 'பூச்சி மாத்திரை' என்று பொதுவாக ஒன்று கிடையாது. உருண்டைப்புழு வேறு. சில பூனைக் குட்டிகள் இடியாப்பச் சிக்கு மாதிரி வாந்தி எடுக்குமே, அது. தாய்ப் பால் வழியாகவே குட்டிக்கு வந்துவிடும். அதனால்தான் குட்டிக்கு மூன்று வாரம் ஆனதிலிருந்தே இரண்டு வாரத்துக்கு ஒரு தடவை மருந்து கொடுக்க ஆரம்பித்து, பால் மறந்த பிறகு ஆறு மாதம் வரை மாதம் ஒரு தடவை கொடுக்கச் சொல்கிறார்கள். இதன் முட்டை மண்ணில் கிடந்து குழந்தையின் வாய்க்குள் போனால் கண்ணைக்கூடப் பாதிக்கலாம். பூனை மலம் கழிக்கும் மணல் பக்கம் குழந்தைகளை விடக்கூடாது என்பது இதற்காகத்தான். உருண்டைப்புழுவுக்குக் கொடுக்கும் பைரான்டெல் நாடாப்புழுவை ஒன்றும் செய்யாது. நாடாப்புழுவுக்குப் பிராஸிக்வான்டெல் வேண்டும். அதைக் கொடுத்தால் புழு ஒரே நாளில் காலி. ஆனால் வீட்டில் தெள்ளு மிச்சம் இருந்தால், மூன்று வாரத்தில் வாலடியில் மறுபடி அரிசி!

இரண்டாம் தடவையும் அதே மாட்டாஸ்பத்திரி. இந்தத் தடவை பூனையைப் பிடிப்பதுதான் பெரும்பாடாகிவிட்டதாம். போன தடவை போன ஞாபகம் அதற்கு இருக்காதா? பரண் மேல் ஏறிக்கொண்டு இறங்கவே மாட்டேன் என்றிருக்கிறது. கடைசியில் வீட்டுக்காரரே ஏணி வைத்து ஏறினார். மூட்டை நகர்த்தச் சொன்னபோது முணுமுணுத்த அதே ஆள்தான். இரண்டு கையிலும் பிறாண்டல் வாங்கிக்கொண்டு, பழைய வேட்டியில் சுற்றி இறக்கியிருக்கிறார். மாத்திரையைப் பொடித்துக் கருவாட்டில் வைத்துக் கொடுத்தால், கருவாட்டை மட்டும் தின்றுவிட்டுப் பொடியைத் தட்டிலேயே விட்டுவிட்டதாம். அப்புறம் டாக்டரே வாயைத் திறந்து, நாக்கின் அடிப்பாகம் வரை விட்டுப் போட்டு அனுப்பினார். அடுத்த தேதியை மண்டிக் காலண்டரில், அரிசி வரவுக் கணக்குக்குப் பக்கத்திலேயே சிவப்பு மையில் எழுதி வைத்திருக்கிறார்கள்.